பட்டதாரிக்குத்தான் வேலையின்மை அதிகமா?

படிச்சா வேலை கிடைக்கும் என்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கைப்படி, 2021-22இல் இந்தியாவில் 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 42.3%. அதே வயதில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 13.5%. நாற்பதைத் தாண்டினால் தலைகீழ்: பட்டதாரிகள் 1.6%, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 2.4%.

முக்கியக் காரணம் காத்திருப்பு. எங்க கோட்டுச்சேரிமேட்டில் பள்ளியை விட்டுப் படகேறுகிற பையன் அன்றே 'வேலையில் இருப்பவர்'. பி.இ. முடித்து, படிப்புக்கேற்ற வேலை தேடிக்கொண்டிருப்பவர் 'வேலையற்றவர்'. வீட்டில் சோறு இருக்கும்வரைதான் அப்படிக் காத்திருக்க முடியும்.

ஒன்றைக் கவனியுங்கள். வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் மட்டும்தான் இந்தக் கணக்கில் வருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தேடுவதையே விட்டுவிட்ட பெண் பட்டதாரி இதில் இல்லை. ஆகவே அந்த 1.6 சதவீதத்தைப் பார்த்து எல்லோருக்கும் படித்த வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிலர் கிடைத்ததை ஏற்றுக்கொண்டார்கள். சிலர் கணக்கை விட்டே போய்விட்டார்கள்.