ஜன்னல் துடைக்க ஏறலாமா, கீழேயே நிற்கலாமா?

பொங்கலுக்கு முந்தின வாரம், அல்லது ஆயுத பூஜைக்கு முதல் நாள்... உங்கள் வீட்டில் ஸ்டூல் மேல் ஏறுவது யார்? பெரும்பாலும் அம்மாதான். ஒரு கால் ஸ்டூலில், இன்னொரு கால் ஜன்னல் கட்டையில். இடது கை கிரில்லைப் பிடித்திருக்கும். வலது கையில் ஈரத்துணி. கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஆசாமி, டி.வி. சத்தம் கேட்டு ஹாலுக்குப் போயிருப்பார்!

கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும், சரி. வெளிச்சம் வரும், தூசி குறையும், மூச்சுத் தொந்தரவு இருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் அதற்காக நாம் எங்கே ஏறி நிற்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? ஏறாமலே துடைக்க இப்போது ஒரு வழி இருக்கிறது. அது எல்லா ஜன்னலுக்கும் சரிப்படுமா, நம் பழைய துணியும் பக்கெட்டும் எங்கே ஜெயிக்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

புது வழி என்பது தண்ணீர்க் கழி. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் கழி. நுனியில் ஒரு பிரஷ். கழியோடு ஒரு டியூப் ஓடி, பிரஷ் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சும். ஆள் தரையில் நின்றபடியே கண்ணாடியைத் தேய்த்து, அழுக்கைக் கிளப்பி, அதே தண்ணீரால் அலசி விடுவார். மூன்றாவது, நான்காவது மாடி வரைகூட எட்டும் கழிகள் உண்டு. மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டிருப்பவர்கள் இதன் தம்பியைப் பார்த்திருப்பீர்கள். பேனல் கழுவுவதும் இதே பிரஷ்தான்.

இங்கிலாந்தில் இது சர்வசாதாரணம். அங்கே ஏணியும் பக்கெட்டுமாகத் தெருத் தெருவாக வந்து வீட்டு ஜன்னல் துடைத்துக் கொடுப்பதே ஒரு தொழில். ஏணியிலிருந்து விழுவதும் அந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. 2005-ல் உயரத்தில் வேலை செய்வது பற்றி அங்கே புது விதிமுறைகள் வந்தன. அதில் முதல் விதியே, ‘ஏறாமல் செய்ய முடிகிற வேலை என்றால் ஏறாதே’ என்பதுதான். அதற்குப் பிறகு கழிக்கு ஏக கிராக்கி.

எல்லாம் சரி, தேய்த்துத் தண்ணீர் விட்டுவிட்டு, துடைக்காமலே போய்விடுகிறார்களே... கறை விழாதா என்கிறீர்களா? சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது!

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு நாம் ஏன் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதில்லை? அதில் உப்பு இருக்கிறது. ஜன்னலிலும் அதே கதைதான். கண்ணாடியில் தண்ணீர் காயும்போது தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே வெள்ளைப் பொட்டாக உட்கார்ந்துகொள்ளும். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். நம் ஊர் போர் தண்ணீரில் பல இடங்களில் இது ஆயிரத்தைத் தாண்டும். ஆயிரம் என்றாலே லிட்டருக்கு ஒரு கிராம். 15 லிட்டர் பக்கெட்டில் 15 கிராம். கிட்டத்தட்ட மூன்று டீஸ்பூன் உப்பைக் கரைத்துக் கண்ணாடி மேல் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ‘எவ்வளவு துடைச்சாலும் மங்கலாவே இருக்கு’ என்று சலித்துக்கொள்கிறோமே, குற்றவாளி துணி அல்ல, தண்ணீர்.

கழிக்காரர்கள் இந்த உப்பை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆர்.ஓ. மாதிரி ஒரு சவ்வு, அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் உப்பை உறிஞ்சும் பிசின் மணிகள் நிரம்பிய ஒரு குடுவை. கடைசியில் டி.டி.எஸ். பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். காய்ந்தாலும் பொட்டு விழ அதில் ஒன்றுமே இருக்காது. வடிகட்டாத போர் தண்ணீரைக் கழியில் ஏற்றினால், சுத்தம் செய்ததைவிட அசிங்கமாகத்தான் ஆகும்.

வீட்டில் இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பைசா செலவில்லாதது. உங்கள் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர்! காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு கிடையாது என்றே சொல்லலாம். ஈரப்பதமான ராத்திரியில் சில லிட்டர் சேரும். குடிக்கக் கூடாது, ஏ.சி.யின் உள்ளே இருக்கும் தூசியும் கிருமியும் அதில் வரும். ஆனால் கண்ணாடி துடைக்க அருமையான தண்ணீர். அதேசமயம், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் ஜன்னலுக்கு எடுத்துவிடாதீர்கள். உப்பெல்லாம் ஒன்றுசேர்ந்து இருப்பதே அதில்தான். தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் பாரம்பரிய முறைக்கு வருவோம். பழைய வேட்டித் துணி, ஒரு பக்கெட், இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட், கடைசியில் ரப்பர் வைத்த வைப்பர். இந்த வைப்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஓக்லண்டில் வாழ்ந்த எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர், ஜன்னல் துடைக்கும் தொழிலாளி. கனமான இரும்புக் கருவியைத் தூக்கிக் கை சலித்துப்போய், 1936-ல் லேசான பித்தளையில் ஒற்றை ரப்பர் வைத்து ஒன்றைச் செய்தார். இன்றைக்கும் கடையில் கிடைப்பது ஏறக்குறைய அதே வடிவம்தான். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, ரப்பரைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த இழுப்பு. உப்புத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ, காய்வதற்குள் வழித்து எடுத்துவிடுவதால் பொட்டு விழாது. நியூஸ் பேப்பரும் நல்லதுதான், பஞ்சு ஒட்டாது. என்ன, வெள்ளை யு.பி.வி.சி. சட்டத்தில் மை ஒட்டிக்கொண்டு அது ஒரு தனி வேலையாகிவிடும்.

வீட்டு உட்புறத்துக்கு இந்த முறைதான். அதில் சந்தேகமே வேண்டாம். சோபா மேலும் ஸ்விட்ச் போர்டு மேலும் தண்ணீர் பீய்ச்ச முடியுமா? தரைத்தளம், பால்கனி, வராந்தா பக்கத்து ஜன்னல்களுக்கும் வைப்பரே போதும். வெயிலில் காய்ந்து இறுகிய காக்கை எச்சம், பெயிண்ட் துளி, சிமெண்ட் தெறிப்பு... இதற்கெல்லாம் ஊறவைத்து, கை வைத்துச் சுரண்டித்தான் ஆக வேண்டும். கழியின் பிரஷ் அங்கே தோற்றுப்போகும். கிரில்லும் கொசுவலையும் வெளிப்பக்கமாக மறைத்திருக்கும் ஜன்னல்களிலும் அப்படித்தான். மரச்சட்டம் உளுத்துப்போன பழைய வீடுகளில் கழித் தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே வந்து சுவரை நனைத்துவிடும்.

ஆக, போட்டியே ஒரே ஓர் இடத்தில்தான்: மாடி ஜன்னலின் வெளிப்புறம். ஆபத்தும் அங்கேதான்.

மாடி ஜன்னலின் வெளிப்புறத்தை நாம் எப்படித் துடைக்கிறோம்? சன்ஷேடில் இறங்கி நின்று. அல்லது கட்டையில் உட்கார்ந்து, உடம்பில் பாதியை வெளியே நீட்டி. நாம் செய்யாவிட்டால், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைச் செய்யச் சொல்கிறோம். சிங்கப்பூரில் இப்படி ஜன்னல் துடைக்கும்போது வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்கள் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். 2012-ல் அந்த அரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: கிரில் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பணிப்பெண்ணை ஜன்னலின் வெளிப்புறம் துடைக்க விடக்கூடாது. தரைத்தளத்துக்கும் பொது வராந்தாவை ஒட்டிய ஜன்னலுக்கும் மட்டும் விலக்கு. ஹாங்காங்கில் 2017 முதல் வேலை ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. கையைத் தவிர உடம்பின் எந்தப் பாகமும் ஜன்னலுக்கு வெளியே போகக் கூடாது. நம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் போடுவதில்லை. ‘பார்த்தும்மா, ஜாக்கிரதை’ என்று சொல்வதோடு சரி! சன்ஷேடில் இறங்கச் சொல்லாமல் இருப்பதுதான் நிஜமான ஜாக்கிரதை.

வீட்டுக்குள்ளே ஸ்டூலில் ஏறுவதையும் லேசாக நினைக்காதீர்கள். அண்ணாந்து பார்க்கும்போது சிலருக்குத் தலை கிர்ரென்று சுற்றும். உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியத் துகள்கள் இடம் மாறிவிட்டால் இப்படி ஆகும். படுக்கையில் புரளும்போதும் சுற்றுகிறது என்றால், டாக்டரிடம் காட்டாமல் ஸ்டூல் பக்கமே போகாதீர்கள். பி.பி. மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதால், நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே மணிக்கட்டு முறியலாம். கையை ஊன்றித்தானே விழுவோம்?

விழுந்துவிட்டால் நம் ஊரில் முதலில் செய்வது என்ன? நாலு பேர் சேர்ந்து தூக்கி உட்காரவைத்து சோடா கொடுப்பது! வேண்டாம். கழுத்து, முதுகில் வலி என்றாலோ, கால் மரத்தது என்றாலோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, பிறகு வாந்தி, தாங்காத தலைவலி, அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல் இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால், ஒன்றுமே தெரியாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது.

துடைக்கும் முன் இன்னொரு விஷயம், புறா. ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கட்டையிலும் ஏ.சி. பெட்டி மேலும் காய்ந்து கிடக்கும் எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கினால், தூள் பறந்து மூச்சில் போகும். சிலருக்கு அதனால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி ஏற்படுவதுண்டு. அது தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பே விழுந்துவிடலாம். மாஸ்க் போட்டு, நன்றாக நனைத்து, ஊறியபின் வழித்தெடுங்கள். கழியின் ஒரு நல்ல குணம், அது எதையும் நனைத்தே எடுக்கும். ஆனால் எச்சம் கரைந்த தண்ணீர் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணி மேல் விழும். முதலிலேயே சொல்லி வையுங்கள், சண்டை மிச்சம்!

உப்புக் கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டை எடுத்துவருகிறவர்களும் இருக்கிறார்கள். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த கண்ணாடி லிக்விடோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துப் பத்து நிமிஷம் ஒட்டிவைத்தால் புதுக் கறை போய்விடும். பிறகு நன்றாக அலசிவிடுங்கள். மார்பிள் கட்டையில் மட்டும் சிந்த விடாதீர்கள், கல் அரித்துவிடும்.

சொந்த வீட்டில் மாடி ஜன்னல் இரண்டு மூன்றுதான் என்றால், நீளக் கைப்பிடி வைத்த வைப்பரே உள்ளிருந்தோ பால்கனியிலிருந்தோ எட்டும். மூன்று, நான்கு மாடி ஃப்ளாட் என்றால் அசோசியேஷனில் பேசி, எல்லோருமாகச் சேர்ந்து கழிக்காரரை அழைப்பது கட்டுப்படியாகும். அதற்கு மேல் உயரமென்றால் இரட்டைக் கயிறு, பெல்ட், ஹெல்மெட்டோடு வரும் பயிற்சி பெற்ற ஆட்களின் வேலை அது.

கழியை நீங்களே வாங்கி வேலை செய்வதானால் கழுத்தைக் கவனியுங்கள். நீட்டிய கழி கனக்கும், அண்ணாந்தே இருக்க வேண்டும். கழுத்துத் தேய்மானம், தோள்பட்டை இறுக்கம் உள்ளவர்களுக்கு ஆகாது. சுவரை ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றால் கழுத்து அவ்வளவு மடங்காது.

ஆள் அழைப்பதானால், வருவதற்கு முன்பே தெருவைப் பாருங்கள். நம் ஊரில் மின்கம்பி ஜன்னலை உரசிக்கொண்டு போகும் தெருக்கள் எத்தனை! அலுமினியக் கழியிலும் கார்பன் ஃபைபர் கழியிலும் கரண்ட் பாயும். கம்பிக்குப் பக்கத்து ஜன்னல் அழுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற ஜன்னல்களை ஆரம்பிக்கும் முன், பிரஷ்ஷிலிருந்து வரும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து டி.டி.எஸ். மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்துக்குள் இருந்தால் சரி. ஐம்பது, நூறு என்று காட்டினால், பிசின் குடுவையை மாற்றிக்கொண்டு நாளைக்கு வரச் சொல்லிவிடுங்கள்.