உப்புத்தாளைக் கடைசியில் எடுங்க!

பழைய வீட்டு மரப்படிக்கட்டுக்கு ஒரு தனி அழகு உண்டு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்கில் செய்த படிகள் இன்னைக்கும் கெட்டியா நிக்குது. ஆனா நிறைய வீடுகளில் அந்தத் தேக்கு கண்ணுக்கே தெரியாது. பொங்கலுக்கு ஒரு கோட், கல்யாணத்துக்கு ஒரு கோட்னு இனாமல் பெயின்ட் அடிச்சு அடிச்சு, உள்ளே இருக்கிறது மரமா சிமென்டான்னே தெரியாத நிலைமை. யாருக்காவது ஒரு நாள் தோணும்: "இதைச் சுரண்டிட்டு பாலிஷ் போட்டா எப்படி இருக்கும்?" மறுநாளே கையில் உப்புத்தாள்.

அங்கேதான் கொஞ்சம் நிறுத்தணும். இந்த வேலையில் உப்புத்தாள் கடைசி ஆயுதம். அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்விக்குப் பதில் வேணும். மேலே இருக்கிற பூச்சு என்ன? அதில் ஈயம் இருக்கா?

வெல்லமா, இட்லியா?

முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் தெர்மோபிளாஸ்டிக், தெர்மோசெட்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? பரீட்சையோட மறந்துட்ட அந்தப் பாடம் இங்கேதான் உதவும்.

சில பூச்சுகள் வெல்லம் மாதிரி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைச்சுப் பூசுற பிரெஞ்ச் பாலிஷ் இந்த வகை. ஸ்பிரிட் ஆவியாகும், அரக்கு மரத்தில் தங்கும், அவ்வளவுதான். திரும்ப ஸ்பிரிட் பட்டா திரும்பக் கரையும். என்.சி. லாக்கரும் இப்படித்தான், அதைக் கரைக்க தின்னர் வேணும்.

இன்னும் சில பூச்சுகள் இட்லி மாதிரி. வெந்த இட்லியைத் தண்ணியில் போட்டா ஊறும், ஆனா திரும்ப மாவாகாது. இனாமல் பெயின்ட்டும் எண்ணெய் வார்னிஷும் காற்றில் இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து, மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு வலையாகிடும். பி.யு. பூச்சும் வலைதான், ஆனா அது உருவாகுற வினை வேற. இவற்றைக் கரைக்க முடியாது. ஊற வெச்சு, உப்ப வெச்சு, பிடிப்பை விட வைக்கணும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். படிக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்க. ஒரு நிமிஷத்தில் பிசுபிசுன்னு ஆனா அரக்கு. ஆகலைன்னா பக்கத்தில் ஒரு சொட்டு தின்னர். கரைஞ்சா லாக்கர். கரையாம சுருங்கி உப்பினா இனாமல் அல்லது எண்ணெய் வார்னிஷ். எதுக்கும் அசையலைன்னா பெரும்பாலும் பி.யு. ரெண்டுமே சட்டுனு தீப்பிடிக்கிறவை. பக்கத்தில் அடுப்பு, விளக்கு கூடாது.

ஈயம் ஏன் பெரிய விஷயம்?

இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு 2016ல் விதி வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதாவது ஒரு கிலோ காய்ந்த பெயின்ட்டில் 90 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதுக்கு முன்னாடி நிறத்துக்காகவும் சீக்கிரம் காயறதுக்காகவும் இனாமலில் ஈயச் சேர்மங்கள் கலப்பது சகஜம். மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச் நிறங்களில் லெட் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். பெயின்ட்டில் வெறும் ஒரு சதவீதம் ஈயம்னாலே கணக்குப்படி 10,000 பி.பி.எம்.! இன்றைய வரம்பைப் போல நூறு மடங்குக்கும் மேல்.

சுவரில் ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது பெரிசா தொல்லை தராது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா தூசியாகும். தூசி தரையில் படியும், தவழுற குழந்தையோட கைக்குப் போகும், கையிலிருந்து வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கண்டறியப்படவே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அதனால 2017க்கு முந்தைய பெயின்ட்னா, ஆய்வகத்தில் சோதிக்கிற வரைக்கும் ஈயம் இருக்குன்னே வெச்சுக்கிறது நல்லது. எல்லாத்தையும் சுரண்டியே ஆகணும்னும் இல்லை. கடைசல் கம்புகளில் பெயின்ட் உரியாம கெட்டியா இருந்தா, மேலே புது பெயின்ட் அடிச்சு மூடிடலாம். ஆனா மிதிக்கிற பலகை அப்படி இல்லை. தினமும் கால் உரசி உரசி அதுவே தூசி விடும். கவனிக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

எப்படி எடுக்கிறது?

பெயின்ட் ரிமூவர்: பழைய வகைகளில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். சின்ன மூலக்கூறு, வலைக்குள்ள புகுந்து சில நிமிஷத்தில் உப்ப வெச்சிடும். ஆனா அது சுமார் 40 டிகிரியில் கொதிக்கும். நம்ம ஊர் மே மாத வெயிலே அவ்வளவு வரும்! ஆவி காற்றைவிட கனம், படிக்குக் கீழே இருக்கிற அறையில் போய்த் தேங்கும். உடம்புக்குள்ள போனா கார்பன் மோனாக்சைடா மாறும். மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து. தூசிக்குப் போடுற என்95 மாஸ்க் ஆவியைத் தடுக்காது. பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவா வேலை செய்யும், பல மணி நேரம் ஆகும். ஆனா அவ்வளவு ஆபத்தில்லை. தடிமனா பூசி மேலே பாலிதீன் ஷீட் போட்டு மூடினா காயாம வேலை செய்யும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் எல்லாம் இதுக்கும் வேணும்.

ஹீட் கன்: குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாம நகர்த்திக்கிட்டே இருக்கணும். இனாமலுக்கு அடியில் அரக்கு இருந்தா அதிர்ஷ்டம். அரக்கு சீக்கிரம் இளகும், மேலே உள்ளது பட்டை பட்டையா வந்துடும். சூடு அதிகமானா ஈயமே புகையா வரும். அதனால தீச்சுவாலை காட்டுற வேலையே வேண்டாம்.

காஸ்டிக் சோடா: எண்ணெய் பெயின்ட்டை சோப்பா மாத்தி எடுத்துடும். விலை மலிவு. ஆனா தேக்கு கறுத்துப் போகும், நார் எழும்பும். கண்ணில் பட்டா பார்வைக்கே ஆபத்து. நல்ல மரத்துக்கு இது வேண்டாம்.

எந்த வழியா இருந்தாலும் மேல்படியில் ஆரம்பிச்சு கீழே வாங்க. சுத்தம் செய்த படியில் அழுக்கு சொட்டாது.

இப்போ உப்புத்தாள்

பூச்சு போன பிறகுதான் இதோட முறை. 80, 120, 180னு படிப்படியா, மர ரேகை போகும் திசையிலேயே தேய்க்கணும். ஈயம் கலந்த மிச்சம் இருக்கிற இடத்தில் காய்ந்த தேய்ப்பு கூடாது. தண்ணி தெளிச்சு வாட்டர் பேப்பர் போடணும். துடைப்பம் தூசியைக் கிளப்பும், அதனால ஈரத்துணிதான். வேலை செய்த துணியைத் தனியா துவைக்கணும். சுரண்டின பெயின்ட்டைப் பையில் கட்டிவைங்க. போகிக்கு எரிக்கவே கூடாது.

வார்னிஷ் அடிக்கும்போது ஒரு படி விட்டு ஒரு படி அடிச்சா, வீட்டுக்காரங்க மாடிக்குப் போக வழி இருக்கும். ஆளி விதை எண்ணெய் பூசினா, துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க. காயும்போது அது தானே சூடாகி தீப்பிடிக்கும். விரிச்சு வெளியே காயப் போடணும்.

கடைசியா ஒண்ணு. பெரும்பாலும் இந்த வேலையை நாம செய்யப் போறதில்லை. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, தினக்கூலிக்கு வர்ற பெயின்டர் அண்ணன்தான் செய்வார். சாயந்திரம் அதே சட்டையோட வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையைத் தூக்குவார். அவருக்குத் தூசி மாஸ்க்கும் கையுறையும் வாங்கிக் கொடுத்து, "அண்ணே, ஈரமா தேய்ங்க, கிளம்புறதுக்கு முன்னாடி கை கழுவி சட்டையை மாத்திக்கோங்க"ன்னு சொல்ல வேண்டியது வீட்டுக்காரங்க பொறுப்பு. அவங்களுக்குத் தெரியலைன்னா, படிச்ச நாம சொல்லலாம்.