சுவர் எழுமுன் அழைக்கப்பட்ட கலைஞர்கள்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழியில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து போகிறவர்களில் பெரும்பாலோர், வண்டி மாறவும் காப்பி அருந்தவும் ஏற்ற ஊர்களாகவே அவற்றை அறிவார்கள். ஆனால், கட்டடத்தை நிர்மாணிப்பவரும் சித்திரமும் சிற்பமும் சமைப்பவரும் பொது ஜனங்கள் கூடும் இடங்களில் எவ்வாறு ஒன்றுகலந்து பணிபுரிய வேண்டும் என்ற கேள்விக்கு, பல்லவர் காலத்திலும் நம் காலத்திலும் எழுந்த விடைகள் இவ்விரு ஊர்களின் சுற்றுப்புறத்திலேயே கிடைக்கின்றன.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பாதையை ஒட்டிய மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து, பிரமன், ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் ஆலயம் அமைத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் அமைத்ததாக அவன் கல்வெட்டே பெருமையுடன் அறிவிக்கிறது. பாறையைக் குடையும்போது, எடுத்த கல்லைத் திரும்ப வைக்க இயலாது; ஆகையால் தூணுக்கும் துவாரபாலகருக்கும் வேண்டிய கல்லை முதலிலேயே கணக்கிட்டு விட்டுவைக்க வேண்டும். கட்டடத்தை முடித்த பிற்பாடு அலங்காரத்தைப் பற்றி யோசிக்கலாம் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. ஸ்தபதியும் சிற்பியும் ஒரே மனத்தோடு இயங்கியிராவிட்டால், வாயிலின் இரு புறமும் அந்தக் காவலர்கள் அத்தனை நிமிர்வோடு நின்றிருக்க மாட்டார்கள். விசித்திரசித்தன் என்றும் சித்திரகாரப்புலி என்றும் விருதுப் பெயர்களைச் சூடிக்கொண்ட அந்த மன்னனுக்கு இந்த உண்மை எளிதில் விளங்கியிருக்கும்.

அவனுக்கு ஏறக்குறைய நூறாண்டு பின்னர் ஆண்ட இராஜசிம்மன், பனமலையில் ஏரியை நோக்கிய குன்றின்மேல் தாளகிரீசுவரருக்குக் கற்றளி எடுத்தான். அதன் பக்கச் சந்நிதி ஒன்றில், கல்லின்மீது பூசிய சுண்ணச் சாந்தில் தீட்டிய பார்வதியின் ஓவியம் இன்னும் எஞ்சியிருக்கிறது. மகுடம் தரித்த தலையைச் சற்றே சாய்த்து, ஒரு காலை மடக்கி, மேலே குடை கவிந்திருக்க, அம்மை எதையோ கண்டு லயித்து நிற்கிறாள். அவள் காண்பது அருகிலுள்ள சுவரில் ஆடும் சிவபெருமானின் நடனம். அந்த உருவம் இன்று பெரிதும் அழிந்துவிட்டது. ஆடுபவர் ஒரு சுவரிலும் காண்பவள் மற்றொரு சுவரிலும் இருப்பதால், சந்நிதியின் மூலையே இருவருக்கும் இடைப்பட்ட வெளியாகிவிடுகிறது. கட்டியவன் வகுத்த அளவு ஓவியனின் கற்பனைக்கு எல்லையாக மட்டும் அமையாமல் துணையாகவும் அமைந்த அபூர்வமான இடம் அது. தமிழ்நாட்டு ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சித்தன்னவாசலுக்கும் தஞ்சைக்கும் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் பனமலைக்குக் காட்டவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

நம் காலத்து விடையைக் காண, திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில், வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டுக்கு வரவேண்டும். ஆரோவில்லைத் திட்டமிட்ட ரோஜர் ஆன்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் கட்டடக் கலைஞர் மட்டுமல்லர், ஓவியரும் சிற்பியுமாவார். 1968 பிப்ரவரி 28-ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத்துத் தாழியில் இட்டு அந்நகரம் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தத் தாழியைச் சிற்பம் என்பதா, கட்டடம் என்பதா? அதைச் சூழ்ந்த திறந்தவெளி அரங்கில் ஆண்டுதோறும் அதே நாளில் விடியுமுன் ஜனங்கள் கூடி நெருப்பு வளர்த்து அமர்கிறார்கள். 1971-இல் அடிக்கல் நாட்டி 2008-இல் நிறைவு கண்ட, உருண்டை வடிவத் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் பொன்வட்டுகளும் அத்தகையனவே. மெல்லிய பொன்தகட்டைக் கண்ணாடிக்குள் வைத்துச் செய்த சில்லுகள் பதித்த அந்த வட்டுகளைக் கழற்றிவிட்டால், அந்த உருண்டைக்கு அந்த முகமே இல்லை. இத்தனை ஆண்டுகள் நீண்ட அந்தத் திருப்பணியில் சுற்றுக் கிராமங்களின் தமிழ்த் தொழிலாளர் சிந்திய வியர்வையையும் மறத்தலாகாது.

இதனினும் என்னைக் கவர்ந்தது ரே மீக்கரின் சோதனை. புதுச்சேரியில் 1971-இல் டெபோரா ஸ்மித்துடன் கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய அந்தக் குயக்கலைஞர், பச்சை மண்கல்லால் வீட்டை எழுப்பி, அதன் உள்ளே சுட வேண்டிய செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டினார். தீ அடங்கியபோது வீடும் வெந்து உறுதிப்பட்டது. உள்ளிருந்த பொருள்களும் விற்பனைக்குத் தயாராயின. கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ பின்னர் இம்முறையைக் கைக்கொண்டு, அவருடன் சேர்ந்து, வீடற்ற குழந்தைகளுக்காகப் புதுச்சேரியில் வோலோந்தாரியா தொண்டு நிறுவனத்துக்குக் குவிமாட இல்லங்கள் அமைத்தார். குயவரின் அறிவு கட்டடத்துக்கு மேற்பூச்சாக நிற்காமல் அஸ்திவாரத்திலேயே புகுந்தது இங்கேதான்.

இத்தகைய கூட்டுறவுக்கு விதியாலும் வழி வகுக்கலாம்; பிரான்ஸ் தேசத்தில் 1951 முதல், பள்ளிக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கென ஒதுக்குவது விதியாயிற்று. நம் நாட்டிலோ பெரும்பாலும் கட்டடம் முடிந்து வெள்ளையடித்த பிறகே ஓவியரை அழைத்து, வெற்றுச் சுவரைக் காட்டி, ஏதேனும் வரையுங்கள் என்கிறோம். அவரும் தலைவர் படமோ இயற்கைக் காட்சியோ தீட்டிவிட்டுப் போகிறார். அடுத்த மழையில் சாயம் உரிகிறது. குற்றம் அவருடையதன்று, வெயில் எங்கே விழும், ஜனங்கள் எந்தப் பக்கம் அமர்வார்கள் என்று அவரிடம் எவரும் கலந்து பேசியதே இல்லை.

மரக்காணம் வட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும் சோலையைப் பார்த்தவர்களுக்கு, வெயிலையும் மரநிழலையும் அறிந்து உருவம் அமைக்கும் வித்தை இப்பகுதியில் எவ்வளவு வேரோடியது என்பது விளங்கும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ அடுத்ததாக எழும் பேருந்து நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ பொறியாளர் வரைபடம் போடும் மேசையிலேயே, அத்தகைய உருவங்களைச் செய்யும் குயவர் ஒருவருக்கும் நாற்காலி போடவேண்டும். அவர் வேலைக்கு உரிய கூலியையும் ஒப்பந்தப் பத்திரத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.