நடுவரும் கணிப்பொறியும்

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் நடுவர் கதை சொல்வார். ஏனையோர் கதைமாந்தராகிப் பகடை உருட்டுவர்.

களம் நம் ஜவ்வாது மலை என்று கொள்வோம். "பீமன் அருவிக்குச் செல்லும் வழியில் கரடி நிற்கிறது" என்கிறார் நடுவர். போரிடுவதா, ஓடுவதா? ஒரு மாணவனோ, "சாமைக் கொல்லையில் காவலிருக்கும் பெரியவரிடம் தீப்பந்தம் கேட்பேன்" என்கிறான். நடுவர் நகைத்துக்கொண்டே அப்பெரியவரை அக்கணமே படைத்துவிடுவார். கணிப்பொறி ஆட்டத்திலோ அவருடைய உருவம், குரல், மறுமொழி யாவும் முன்னரே ஆக்கி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். மாணவன் கேளாமற்போனால் அவ்வுழைப்பு வீண்!

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் பல்லாண்டு உழைத்து 2023-இல் 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தை வெளியிட்டது. அதில் பகடைகூடத் திரையில் உருள்கிறது. ஆயினும், எவரும் எழுதி வைக்காத பெரியவர் அங்கே தீப்பந்தத்துடன் வருவதில்லை.