மருந்து குதிரைக்கு, தண்டனை யாருக்கு?

2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அயர்லாந்து நாட்டுக்கு அந்த ஒலிம்பிக்கில் கிடைத்தது ஒரே ஒரு பதக்கம். ஆனால் அது தங்கப் பதக்கம். தடை தாண்டும் குதிரைப் போட்டியில் கியன் ஓகானர் என்ற 24 வயது வாலிபர் அதை வென்றார். அவர் ஏறிய குதிரையின் பெயர் 'வாட்டர்போர்டு கிறிஸ்டல்'. கண்ணாடிச் சாமான்களுக்குப் பேர் போன ஒரு கம்பெனியின் பெயர் அது. நாடே அவரைக் கொண்டாடியது.

இரண்டு மாதத்தில் கொண்டாட்டம் அடங்கிவிட்டது. குதிரையிடம் எடுத்த மாதிரியில் இரண்டு மருந்துகள் இருந்தன. இரண்டும் மனநோயாளிகளைச் சாந்தப்படுத்த டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகள்!

அதன் பிறகு நடந்தவை துப்பறியும் கதையில்தான் வரும். மறு பரிசோதனைக்காக வைத்திருந்த சிறுநீர் மாதிரி, இங்கிலாந்தில் சோதனைச்சாலைக்குப் போகும் வழியில் திருட்டுப் போயிற்று. அயர்லாந்துக் குதிரையேற்றச் சங்கத்தின் அலுவலகத்துக்குள் யாரோ புகுந்து, ஓகானரின் வேறொரு குதிரை பற்றிய பைலைக் கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ரத்த மாதிரி பத்திரமாக இருந்தது. அமெரிக்காவில் அதைச் சோதித்தார்கள். மருந்து உறுதியாயிற்று. 2005 மார்ச்சில் பதக்கம் பறிபோனது. மூன்று மாதம் தடை. அயர்லாந்தின் பதக்கக் கணக்கு பூஜ்யம் ஆயிற்று. இரண்டாவதாக வந்த பிரேசில் வீரர் ரோட்ரிகோ பெஸ்ஸோவாவுக்குத் தங்கம் போய்ச் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓகானர் வேண்டுமென்றே மோசடி செய்யவில்லை என்று விசாரணைக் குழுவே ஏற்றுக்கொண்டது. காயத்துக்குச் சிகிச்சை நடந்தபோது குதிரை மிரளாமல் நிற்பதற்காகக் கால்நடை டாக்டர் போட்ட ஊசி அது. இருந்தாலும் பதக்கம் போயிற்று. குதிரையின் உடம்பில் மருந்து இருந்தால் போதும். எப்படி வந்தது என்பது பிறகுதான்.

அதே ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் கதையும் இதுதான். லுட்கர் பீர்பாமின் 'கோல்ட்பீவர்' என்ற குதிரைக்குத் தோல் அரிப்புக்குத் தடவிய களிம்பில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தது. ஜெர்மன் அணி தங்கத்தை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டு வெண்கலத்துக்கு இறங்கியது.

குதிரை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது

பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் நம்மவர்களுக்குக் குதிரை என்றால் ரேஸ்தான் ஞாபகம் வரும். இது வேறு. இங்கே பந்தயம் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமாக அடுக்கிய கட்டைகளைக் குதிரை தாண்ட வேண்டும். ஒரு கட்டை விழுந்தால் நான்கு பாயிண்டு குற்றம். வேறு சில போட்டிகளில் உயரம் முக்கியமல்ல. குதிரை எவ்வளவு சாந்தமாக, அலட்டிக்கொள்ளாமல், அழகாகத் தாண்டுகிறது என்று பார்த்து நடுவர் மார்க் போடுவார். அமெரிக்காவில் இந்த இரண்டாவது வகைக்கு மவுசு அதிகம். சின்னப் பெண்களும் பையன்களும் குட்டைக் குதிரைகளில் ஏறி இதில் கலந்துகொள்கிறார்கள்.

ரேஸ் குதிரைக்கு வேகம் கூட்ட மருந்து கொடுப்பது பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இங்கே பெரும்பாலும் தலைகீழ். துள்ளுகிற குதிரையை அடக்கத்தான் மருந்து. வலிக்கிற காலை மறைக்கவும் மருந்து.

நல்ல குதிரையின் விலை கோடிக்கணக்கில் போகும். அதை வாங்கும் சக்தி சவாரிக்காரருக்குப் பெரும்பாலும் இல்லை. பணக்காரர் ஒருவர் வாங்குகிறார். பயிற்சியாளர் ஒருவர் பழக்குகிறார். வீரர் ஏறுகிறார். லாயத்தில் வேலை செய்பவர் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, லாரியில் கூடவே போகிறார். கால்நடை டாக்டர் ஊசி போடுகிறார். ஆசிய விளையாட்டில் 2018-இல் இரண்டு வெள்ளி வாங்கிய பெங்களூர் வீரர் பவாத் மிர்சா ஏறிய 'சீனியர் மெடிகாட்' என்ற குதிரையும் அவருக்குச் சொந்தமானதல்ல, உரிமையாளர் வேறு. இதில் தவறு ஏதும் கிடையாது. உலகம் முழுவதும் இந்த விளையாட்டு நடப்பதே இப்படித்தான். தகராறு வரும்போதுதான் கேள்வி பிறக்கிறது. ஐந்து பேர் கை பட்ட குதிரையின் ரத்தத்தில் மருந்து இருந்தால் யாரைப் பிடிப்பது?

சுவிட்சர்லாந்தில் லொசான் நகரில் இருக்கும் சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. யார் ஏறினாரோ அவரே முதல் பொறுப்பாளி. 'எனக்குத் தெரியாது, லாயத்தில் யாரோ கொடுத்துவிட்டார்கள்' என்ற சமாதானம் பதக்கத்தைக் காப்பாற்றாது. உரிமையாளர், டாக்டர், லாயக்காரர் ஆகியோரையும் கூடுதல் பொறுப்பாளிகளாகச் சேர்க்கலாம். ஆனால் அவர்கள் போட்டி நடந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். அல்லது குதிரை சம்பந்தமாக முக்கியமான முடிவு எடுத்திருக்க வேண்டும். காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் இருப்பவரைச் சிக்க வைப்பது சுலபமல்ல.

மிளகாய்க் காரம்

2008 ஒலிம்பிக் பெய்ஜிங்கில் நடந்தாலும், குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே பிடிபட்ட பொருள் நம் வீட்டுச் சமையலறைச் சமாசாரம். மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிகிறதல்லவா? அந்த எரிச்சலைக் கொடுக்கும் சத்துக்குக் கேப்சைசின் என்று பெயர். மனிதர்கள் மூட்டு வலிக்குத் தடவும் களிம்புகளிலும் அது உண்டு. குதிரைக்கு முதுகில் தடவினால் வலி தெரியாது. முன்னங்காலில் தடவினால் தோல் எரியும். எரிகிற கால் கட்டையில் பட்டால் சுரீரென்று வலிக்கும். அந்தப் பயத்தில் குதிரை காலை இன்னும் உயரத் தூக்கும். ஒரே பொருள் வலியை மறைக்கவும் செய்கிறது, வலியைக் கூட்டவும் செய்கிறது. குரூரம் என்று சொல்ல வேறு என்ன வேண்டும்?

முதுகு வலிக்குத்தான் தடவினோம் என்று வாதாடியவரும் உண்டு. நான்கு வீரர்கள் தனிநபர் இறுதிப் போட்டிக்கு முன்பே நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் நார்வே வீரர் டோனி ஆண்ட்ரே ஹான்சனும் ஒருவர். அவருடைய பாயிண்டுகளைக் கழித்ததும் நார்வே அணியின் வெண்கலம் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டது. ஐந்தாவதாகப் பிடிபட்டவர் யார் தெரியுமா? ஏதென்ஸ் தங்கம் யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ அதே பெஸ்ஸோவா! அவர் ஏறிய 'ரூபஸ்' குதிரையிடம் கேப்சைசினின் பங்காளியான இன்னொரு பொருள் இருந்தது.

ஐந்து வழக்கிலும் செய்தித்தாள்களில் வந்தது வீரர்களின் பெயர்தான். உரிமையாளர்களின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

படிவத்தில் யார் கையெழுத்து?

அமெரிக்காவில் வேறு ஏற்பாடு இருந்தது. அங்கே பயிற்சியாளர்தான் பொறுப்பாளி. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் பயிற்சியாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவரைத்தான் பிடிப்பார்கள். ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் ஓட்டை உடனே புரிந்துவிடும். உண்மையான பயிற்சியாளர் ஒதுங்கிக்கொண்டு, லாயத்தில் சாணம் அள்ளுகிறவரைக் கையெழுத்துப் போடச் சொன்னால்? மாட்டிக்கொள்பவர் அந்த ஏழைதான். நிலத்துக்கும் வீட்டுக்கும் பினாமி இருப்பது போல ஊசிக்கும் பினாமி!

மருந்துகளும் புத்திசாலித்தனமாக மாறிக்கொண்டே போயின. மூளையைச் சாந்தப்படுத்தும் 'காபா' என்ற பொருளை 'கரோலினா கோல்ட்' என்ற பெயரில் விற்றார்கள். 2012-இல் அது தடைக்கு உள்ளானது. மெக்னீசியத்தை நரம்பில் ஏற்றும் வழக்கமும் இருந்தது. மெக்னீசியம் எந்தக் குதிரையின் ரத்தத்திலும் இயற்கையாகவே இருப்பது. ஊசியில் வந்தது எது, தீனியில் வந்தது எது என்று எப்படிப் பிரிப்பது? ஆனால் அளவு தப்பினால் இதயம் நின்றுவிடும்.

2012 மே மாதம் பென்சில்வேனியா மாநிலத்தில் டெவன் என்ற ஊரில் பெரிய குதிரைக் காட்சி நடந்தது. 'ஹம்பிள்' என்ற குட்டைக் குதிரை அங்கே லாயத்தில் ஊசி போட்ட சில நிமிடங்களில் சரிந்து விழுந்து செத்தது. அன்றைக்கு அதன் மேல் ஏற வேண்டியவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அதற்கு முந்திய மூன்று நாளில் அந்தக் குதிரைக்குப் பதினைந்து தடவை மருந்து கொடுப்பதற்கு அட்டவணை போட்டிருந்தார்கள் என்ற விவரம் பத்திரிகையில் வந்தது. தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் அகப்படவில்லை. சங்கத்தால் யாரையும் தண்டிக்க முடியவில்லை. அப்போதிருந்த விதிப்படி அதில் குற்றமே கிடையாது.

ஊர் சும்மா இருக்கவில்லை. கூச்சல் எழுந்தது. விதி மாறியது. போட்டிக்கு முந்திய 12 மணி நேரத்துக்குள் ஊசி கூடாது. டாக்டர் போட வேண்டிய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. குதிரை சரிந்து விழுந்தால் விசாரணைக்கு எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். இந்த விதிகள் 2013-இல் வந்தன. பொறுப்பாளி என்ற சொல்லுக்கும் அர்த்தம் விரிந்தது. பயிற்சியாளரோடு, ஏறுகிறவரையும் உரிமையாளரையும் உதவியாட்களையும் அதற்குள் கொண்டுவர வழி பிறந்தது. பரிசுப் பணத்தை உரிமையாளர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. கோடீஸ்வரருக்கு அது பெரிய தொகையல்ல என்பது வேறு விஷயம்.

துபாய் அரசரின் இரண்டு வழக்குகள்

உரிமையாளர் பொறுப்பு என்பது எவ்வளவு வழுக்கலான சங்கதி என்று தெரிந்துகொள்ள துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமது பின் ரஷீத் அல் மக்தூமைப் பார்த்தால் போதும்.

அவர் தாமே குதிரை ஏறுகிறவர். ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் நெடுந்தூரப் போட்டி அவருக்குப் பிரியம். 2009-இல் அவர் ஏறிய 'தஹான்' என்ற குதிரையிடம் ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு அகப்பட்டது. சம்மேளனம் அவருக்கு ஆறு மாதத் தடை விதித்தது. பயிற்சியாளருக்கு அதைவிட நீண்ட தடை. அப்போது சம்மேளனத்தின் தலைவி யார்? ஷேக்கின் மனைவி இளவரசி ஹயா! ஆனாலும் தண்டனை தப்பவில்லை. அந்த மட்டுக்கு விதியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர் தண்டனை பெற்றது உரிமையாளர் என்பதற்காக அல்ல, குதிரை மேல் உட்கார்ந்தவர் என்பதற்காக.

2013-இல் இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டில் உள்ள அவருடைய ரேஸ் லாயத்தில் பதினொரு குதிரைகளிடம் ஸ்டீராய்டு பிடிபட்டது. மருந்து கொடுத்ததாகப் பயிற்சியாளர் மஹ்மூத் அல் ஸரூனி ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டு தடை. உரிமையாளருக்குத் தண்டனை இல்லை. தமக்கு அதிர்ச்சியாக இருக்கிறது என்றார். லாயத்தைப் பூட்டச் சொன்னார். எல்லாக் குதிரைகளையும் சோதிக்கச் சொன்னார். அது ரேஸ், இது சவாரிப் போட்டி, விதிப் புத்தகங்கள் வேறு வேறு என்பது சரிதான். ஆனாலும் ஒரே மனிதர் சேணத்தில் உட்கார்ந்தபோது குற்றவாளி. நாற்காலியில் உட்கார்ந்தபோது ஏமாற்றப்பட்டவர்.

உரிமையாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இருபது குதிரை வைத்திருப்பவர் ஒவ்வொன்றின் தொட்டியையும் எட்டிப் பார்க்க முடியாது. மருந்து வருகிற வழிகளும் விசித்திரமானவை. தீனியில் கசகசாச் செடியின் விதை கலந்தால் போதும், சோதனையில் மார்பின் காட்டும். லாயத்தில் வேலை செய்பவர் வலி மாத்திரை சாப்பிட்டுவிட்டு வைக்கோலில் சிறுநீர் கழித்தால், அதை மென்ற குதிரையிடம் மருந்து வந்துவிடும். லாயத்துக்குள் சிறுநீர் கழிக்காதீர்கள் என்று சம்மேளனமே எச்சரித்திருக்கிறது. லாரியிலேயே படுத்துத் தூங்கி, கிடைத்த காபியைக் குடித்து, இருபத்துநாலு மணி நேரமும் குதிரையோடு கிடக்கும் லாயக்காரருக்குத் தனிக் கழிப்பறை யார் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், மறுபடியும் உரிமையாளரிடம்தான் வந்து நிற்கிறது.

2010-இல் சம்மேளனம் தன் பட்டியலை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, எந்தக் காலத்திலும் கூடாதவை. மற்றொன்று, சிகிச்சைக்குக் கொடுக்கலாம், ஆனால் போட்டி நேரத்தில் உடம்பில் இருக்கக் கூடாதவை. மருந்துக் கணக்கு எழுத ஒரு நோட்டும் வைக்க வேண்டும். எந்தத் தேதியில், எந்த மருந்து, எவ்வளவு, யார் கொடுத்தார் என்று பதிவு செய்ய வேண்டும். குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு அந்த நோட்டின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு தண்டனையும் உண்டு. எந்தக் காலத்திலும் கூடாத மருந்து அகப்பட்டால் வீரரோடு குதிரையையும் இரண்டு மாதம் நிறுத்தி வைக்கிறார்கள். வாயில்லாப் பிராணி என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றும். அது குதிரைக்கான தண்டனை அல்ல. ஒரு வீரருக்குத் தடை வந்தால், மறுநாளே வேறு வீரரை ஏற்றி அடுத்த ஊர்ப் போட்டிக்கு அனுப்பிவிட முடியாதபடி உரிமையாளருக்குப் போட்ட முட்டுக்கட்டை. அந்த இரண்டு மாதமும் குதிரை லாயத்தில் நின்று ஓட்ஸ் தின்கிறது. தீனிச் செலவு உரிமையாளருடையது.