கிளையின் கணக்கு தலைமைக் கடைக்கு வரும் வழி

2011ஆம் ஆண்டு ஒரு காலை. எமது கொழும்புக் கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம், நிலுவையில் இருந்த 85,000 ரூபாவை நான் நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “நானா, நேற்று பின்னேரம் கண்டிக் கடையில கட்டிட்டேனே” என்று பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் பல வருடப் பழக்கத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

தவறு எங்கே நடந்தது? கண்டிக் கிளையின் கணக்குக் கோப்பு இரவில் இணையத்தின் வழியாகக் கொழும்புக்கு வர வேண்டும். அதன் அளவு 200 மெகாபைட். எமது இணைப்பில் அனுப்பும் வேகம் செக்கனுக்கு 512 கிலோபிட். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 52 நிமிடம். இடையில் இணைப்பு அறுந்தால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. அன்றிரவும் அப்படித்தான் அறுந்திருந்தது.

அன்று கிளையில் பதிந்தவை சில நூறு வரிகளே. அதற்காக முழுக் கோப்பையும் ஏன் அனுப்ப வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல், போல் மெக்கராஸ் ஆகிய இருவரும் 1996இல் விடை தந்தார்கள். அவர்கள் உருவாக்கிய இலவச மென்பொருளின் பெயர் ஆர்சிங்க்.

அது செயற்படும் விதம் இதுதான். கொழும்பிலுள்ள பழைய பிரதியைச் சம அளவான துண்டுகளாகப் பிரிக்கிறது. துண்டு ஒன்று 10,000 பைட் என்று வைத்தால் 20,000 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 20 பைட் அளவில் ஓர் அடையாள எண்ணைக் கணித்துக் கண்டிக்கு அனுப்புகிறது. மொத்தம் 400 கிலோபைட். அதே வேகத்தில் 7 செக்கன் கூட ஆகாது. கண்டிக் கணனி தன் புதிய கோப்பில் அதே அடையாளமுள்ள துண்டுகளைத் தேடுகிறது. அகப்பட்டவற்றுக்கு “உன்னிடமுள்ள இத்தனையாம் துண்டு” என்று மட்டும் சொல்கிறது. அகப்படாதவையே இணைப்பில் பயணம் செய்கின்றன.

கோப்பின் நடுவே ஒரு வரி புதிதாக நுழைந்தால் பின்னாலுள்ளவை எல்லாம் இடம் மாறிவிடுமே? அதனால்தான் கண்டிக் கணனி ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தேடுகிறது. கடைசி ஏழு நாள் விற்பனையின் கூட்டுத்தொகையை நாம் எப்படி வைத்திருப்போம்? புதிய நாள் வந்ததும் பழைய முதல் நாளைக் கழித்து, இன்றையதைக் கூட்டுவோம். ஏழையும் மறுபடி கூட்டமாட்டோம். அதே போலத்தான் இதுவும். இந்த எளிய எண் தற்செயலாகவும் ஒத்துப்போகலாம் என்பதால், ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் இரண்டாவது, வலுவான எண்ணையும் சரிபார்க்கிறது.

கிளை வைத்திருப்போர் நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கோப்பைச் சுருக்கியோ கடவுச்சொல்லிட்டுப் பூட்டியோ அனுப்பாதீர்கள். அப்படிச் செய்தால் ஒரு வரி மாறினாலும் கோப்பின் பெரும்பகுதி மாறிவிடக்கூடும். பழைய துண்டுகள் ஒத்துப்போகமாட்டா. வழியில் சுருக்குவதையும் பாதுகாப்பதையும் அனுப்பும் மென்பொருளிடமே விடுங்கள்.

இரண்டாவது, கணக்கு மென்பொருளை மூடிய பின்னரே அனுப்புங்கள். திறந்திருக்கும் கோப்பு அரைகுறையாகப் போய்ச் சேரலாம்.

மூன்றாவது, ஒரே கோப்பில் இரு கடைகளிலும் பதியாதீர்கள். ஒன்றின் பதிவு மற்றதை அழித்துவிடும். கிளைக்கு ஒரு கோப்பு, தலைமைக் கடைக்கு ஒரு கோப்பு என்று இருக்கட்டும்.

நான்காவது, இதனைச் சேமிப்புப் பிரதி என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கே நேர்ந்த பிழை அங்கேயும் அப்படியே போய்விடும். திகதியிட்ட பிரதி ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

மென்பொருள் விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “மாறிய பகுதியை மட்டும் அனுப்புமா, முழுக் கோப்பையும் அனுப்புமா?” நான் அந்தக் கேள்வியைக் கேட்கப் பிந்திவிட்டேன். அந்த வாடிக்கையாளர் இப்போதும் வருகிறார். ஆனால் பணம் கட்டியதும் பற்றுச்சீட்டை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் சட்டைப்பைக்குள் வைக்கிறார்.