இறால் சோதனைக்கு முன்: கரைப்பானும் கொலமும்

புத்தளம் கரையோரத்தில் வளர்க்கப்படும் கறுப்புப் புலி இறாலில் ஒக்சிடெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எஞ்சியிருக்கிறதா என்று அறிய உதவும் முறைகளில் முக்கியமானது உயர்செயற்றிறன் திரவக் குரோமட்டோகிராபி. சுருக்கமாக எச்.பி.எல்.சி. என்பார்கள். சிலாபத்துக்கு வடக்கே ஒல்லாந்தர் கால்வாயையும் முந்தல், புத்தளம் களப்புகளையும் ஒட்டிப் பரந்துள்ள பண்ணைகளை 1996இல் வாட்டிய வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. அதற்கு இந்த மருந்து பயன்படாது. விப்ரியோ முதலிய பாக்டீரியா நோய்களுக்கே உலகின் பல நாடுகளில் இறாலுக்கு இதைக் கொடுக்கிறார்கள். இந்த இறாலின் தசையில் கிலோகிராமுக்கு 200 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது கோடெக்ஸ் உணவு நியமம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை 100 மைக்ரோகிராம், அதாவது கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவை நம்பகமாக அளப்பதற்குக் கருவி மட்டும் போதாது; அதில் ஓடும் திரவமும், அது ஓடும் குழாயும் சரியாகத் தயாராகியிருக்க வேண்டும்.

அந்தக் குழாயைத்தான் ஆய்வுகூடத்தில் கொலம் என்கிறார்கள். 250 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் உள்விட்டமும் கொண்ட உருக்குக் குழாய் பரவலாகப் பயன்படுகிறது. அதற்குள் 5 மைக்ரோமீற்றர் அளவுள்ள சிலிக்காத் துணிக்கைகள் இறுக நிரப்பப்பட்டிருக்கும். அவற்றின் மேற்பரப்பில் 18 காபன் அணுக்கள் கொண்ட சங்கிலிகள் பிணைந்திருக்கும். இறால் சாற்றைக் கரைப்பான் உயர் அமுக்கத்தில் இதனூடாகத் தள்ளும்போது ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருகிறது. ஒக்சிடெட்ராசைக்கிளின் வெளிவரும் கணத்தை, அது 355 நனோமீற்றர் அளவிலான புறஊதா ஒளியை உறிஞ்சுவதைக் கொண்டு உணரி பதிவுசெய்கிறது.

இந்த மருந்துக்கு ஓர் இயல்பு உண்டு. கல்சியம், மக்னீசியம், இரும்பு அயன்களைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். இதைப் பாலுடன் விழுங்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதும் இதனால்தான். உவர்நீரில் வளர்ந்த இறாலின் சாற்றில் இந்த அயன்களுக்குக் குறைவில்லை. ஆகவே அவற்றைக் கட்டிவைக்க, பிரித்தெடுக்கும் கரைசலில் ஈ.டி.டி.ஏ. சேர்க்கிறார்கள். கொலத்தில் ஓடும் கரைப்பானில் பெரும்பாலும் 0.01 மோலர் ஒட்சலிக் அமிலம், மெதனோல், அசற்றோநைத்திரைல் மூன்றும் இருக்கும். ஆனால் ஒட்சலிக் அமிலம் கல்சியத்தோடு சேர்ந்தால் சிறுநீரகக் கல்லில் காணப்படும் அதே கல்சியம் ஒட்சலேற்று வீழ்படிவாகி, கொலத்தின் வாயை அடைத்துவிடும். சீமெந்து செய்யும் அளவுக்குச் சுண்ணக்கல் நிறைந்த புத்தளத்து நிலத்தடி நீரைச் சாதாரணமாக வடிகட்டி இதற்குப் பயன்படுத்துவது நடவாத காரியம். அயன்கள் நீக்கப்பட்டு, தடைத்திறன் 18.2 மெகாஓம்-சென்ரிமீற்றர் காட்டும் நீரே தேவை.

கலக்கும்போது ஒவ்வொரு திரவத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். 50 மில்லிலீற்றர் நீரும் 50 மில்லிலீற்றர் மெதனோலும் சேர்ந்தால் 100 வராது. ஏறத்தாழ 96தான் வரும். ஒன்றை ஊற்றி, மற்றதால் குறிவரை நிரப்புகிறவரின் கலவை வேறாகிவிடும். மெதனோல் கலவை சூடேறும், அசற்றோநைத்திரைல் கலவை குளிரும். இரண்டும் அறை வெப்பநிலைக்குத் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். பிறகு 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள நைலோன் மென்சவ்வில் வடிக்கலாம். செலுலோசு நைத்திரேற்று மென்சவ்வு அசற்றோநைத்திரைலில் கரையக்கூடியது என்பதால் அது கூடாது. கரைந்துள்ள காற்றை வெற்றிடத்தாலோ ஈலியம் வாயுவாலோ அகற்றாவிட்டால், பம்பில் குமிழி சிக்கி ஓட்டம் தடுமாறும். கரையோர வெப்பத்தில் நீர்க்கரைசல்களில் நுண்ணுயிர் விரைவில் வளரும். பழையதன் மேல் புதியதை ஊற்றி நிரப்பும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

புதிய கொலத்தை அதன் மேலுள்ள அம்புக்குறியின் திசையில் பொருத்தி, உணரியுடன் இணைக்காமலே முதலில் கழுவ வேண்டும். மேற்சொன்ன அளவுள்ள கொலத்தில் திரவம் நிற்கும் இடம் ஏறத்தாழ 2.5 மில்லிலீற்றர். அதன் இருபது மடங்கைச் செலுத்த, நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் வீதம் 50 நிமிடம் பிடிக்கும். ஓட்டத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். திடீர் அமுக்கம் உள்ளிருக்கும் படுக்கையைக் குலைத்துவிடும்.

சிலிக்காக் கொலங்கள் பலவற்றுக்குப் பாதுகாப்பான பிஎச் வரம்பு 2 முதல் 8 வரை. 0.01 மோலர் ஒட்சலிக் அமிலத்தின் பிஎச் ஏறத்தாழ 2. அதாவது இந்தச் சோதனை வரம்பின் விளிம்பிலேயே நடக்கிறது. பிஎச் இன்னும் இறங்கினால் காபன் சங்கிலிகள் சிலிக்காவிலிருந்து அறுபடத் தொடங்கும். எனவே இரவு முழுதும் அமிலத்தைக் கொலத்தில் விட்டுச் செல்வது பெருந்தவறு. வேலை முடிந்ததும் பத்தில் ஒரு பங்கு மெதனோல் கலந்த நீரால் அமிலத்தை வெளியேற்றி, பின்னர் மெதனோலை நிரப்பி, இரு முனைகளையும் மூடிவைக்க வேண்டும். கழுவுவதற்கு வெறும் நீர் ஏற்றதல்ல; அது நீண்ட நேரம் ஓடினால் சங்கிலிகள் ஒடுங்கிப் படுத்துவிடும்.

மறுநாள் முதலில் செலுத்த வேண்டியது அளவு தெரிந்த தூய மருந்துக் கரைசல். அது வழக்கமான நேரத்தில், வால் நீளாத கூரிய முகடாக வெளிவந்த பிறகே இறால் சாற்றுக்கு முறை வரும். 90 மைக்ரோகிராமுக்கும் 110 மைக்ரோகிராமுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு குளத்து அறுவடை முழுவதும் ஏற்றுமதியாகுமா என்பதையே தீர்மானிக்கக்கூடியது. தூய கரைசலில் தவறும் கொலத்தைக் கொண்டு அந்தத் தீர்ப்பை எழுதக் கூடாது.